ஏற்றுமதி சாஃப்ட்வேர் வாங்கும் முன் வாங்க வேண்டியவை

கரூரிலிருந்து தூத்துக்குடி வழியாக வீட்டு ஜவுளி அனுப்பும் சிறிய நிறுவனங்களுக்கு ஆவண வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பார்ப்பவர்கள் எல்லாம் "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றே கேட்கிறார்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பேன்.

முதலில் கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைன் ஆவணங்களில் கையெழுத்திட உதவும் பென்டிரைவ் போன்ற கருவி) வாங்குங்கள். அதை சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட் மேசையில் விட்டுவைக்காதீர்கள். சுங்கத்துறை இணையதளமான ஐஸ்கேட்டில் கணக்கை உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண்ணில் திறங்கள். ஓடிபி ஏஜென்ட் ஆபீஸ் பையனுக்குப் போனால், ஏஜென்டை மாற்றும் நாளில்தான் சிக்கல் தெரியும். வங்கியின் ஏ.டி. கோடையும் (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்) ஐஸ்கேட்டிலேயே பதிந்துவிடுங்கள்.

அடுத்தது செலவில்லாதது: ஒரு எக்செல் தாள். ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு இலக்க எச்.எஸ். எண் (சரக்கு வகையைக் காட்டும் எண்), விவரம், அலகு, வரி விகிதம். பெட்ஷீட்டும் தலையணை உறையும் 6302 என்று தொடங்கும். மேலே விரிக்கும் பெட்ஸ்பிரெட் 6304. பில் போடுகிறவர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் தள்ளிவிடுவார்.

பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இன்வாய்ஸ் எண்ணில்தான். ஐ.ஜி.எஸ்.டி. வரி கட்டி அனுப்பினால், சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லே அந்த வரியின் ரீஃபண்ட் விண்ணப்பம். அதில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1இன் 6ஏ அட்டவணையில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 'எக்ஸ்பி/045', மறுபக்கம் '45' என்றால் எஸ்.பி.005 பிழை வரும், ரீஃபண்ட் நிற்கும். கணக்கர் ஒரு தடவை, ஏஜென்ட் ஒரு தடவை என்று இரண்டு கை தட்டச்சு செய்யும்வரை எத்தனை லட்சம் போட்டாலும் இது தீராது. டாலியோ வேறு எதுவோ, பில் ஒரே இடத்தில் பிறக்கட்டும்; அந்தக் கோப்பையே ஏஜென்டுக்கு அனுப்புங்கள்.

தாள் தானாக இழுக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கலாம். சுங்கத்துக்கு ஆவணங்களை ஆன்லைனில் தரும் இ-சஞ்சித்தில் ஏற்றும் ஆவணங்களுக்கு நிழல் விழுந்த செல்போன் படம் சரிவராது. ஐ.இ.சி.யை (ஏற்றுமதி, இறக்குமதிக்கான உங்கள் அடையாள எண்) ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்கக் காலண்டரில் குறித்துவையுங்கள். கட்டணம் கிடையாது, ஆனால் மறந்தால் எண் செயலிழக்கும்.

இவ்வளவும் ஓடி, எக்செல் திணற ஆரம்பித்த பிறகு சாஃப்ட்வேர் பார்க்கலாம். டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரி பில்லை நம்பாதீர்கள். உங்களுக்கு எஸ்.பி.005 வந்த பில்லையே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், விலகும்போது உங்கள் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுக்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.