பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு குளோன் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் என் அத்தான் ஒரு சின்ன அச்சகக் கடை வைத்திருக்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை கம்ப்யூட்டரை ஆன் செய்வது. அப்புறம் எதிர்க்கடையில் ஒரு சாயா குடித்து, பேப்பரையும் புரட்டிவிட்டு வந்தால்தான் திரையில் ஐகான் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற வேகமான டிஸ்க்) போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்டு என்று பதினைந்து வருட வேலை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரின் ஃபைல்களாகக் கிடக்கிறது, எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்தது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்காக மலையாள எழுத்துருக்கள் வேறு. எதை யாரிடமிருந்து வாங்கி ஏற்றினார் என்பது அவருக்கே நினைவில்லை. "மக்கா, அந்த எழுத்து எல்லாம் அப்படியே வந்துருமா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

இந்த மாதிரி மெஷினுக்குத்தான் குளோன். விண்டோஸ், புரோகிராம், எழுத்துரு, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடியே புது டிஸ்குக்குக் கொண்டுபோவது. வெறும் பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓடுகிற லேப்டாப் என்றால் குளோனே வேண்டாம், ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். பழைய குப்பையையும் வாரிக்கொண்டு புது வீட்டுக்குப் போவானேன்?

டிஸ்க் வாங்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. எஸ்எஸ்டியில் என்விஎம்இ என்ற வகை நொடிக்கு 3000 எம்பிக்கு மேல் படிக்கும், ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே கனெக்டரில் போகிற சாட்டா வகை சுமார் 550தான் என்று படித்துவிட்டு வேகமானதையே வாங்கி வருவார்கள், மெஷினில் அதற்கு இடமே இருக்காது. இடம் இருந்தாலும் 2013க்கு முந்தைய போர்டு என்றால், பெரும்பாலும் பயாஸுக்கு (ஆன் செய்ததும் மெஷினை எழுப்புகிற, போர்டிலேயே இருக்கிற புரோகிராம்) என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. எம்.2 என்கிற குச்சி வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருப்பதால் துளையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, லேப்டாப்பின் மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பாருங்கள். பழைய மெஷினுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். ஹார்ட் டிஸ்க் மந்தமாக இருப்பதற்குக் காரணம், அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்க அதன் கை ஒவ்வொரு தடவையும் நகர வேண்டியிருப்பது. நொடிக்கு நூறு தடவை போய்வருவதே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் நகர ஒன்றும் இல்லை, ஆயிரக்கணக்கில் எடுக்கும். வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

அடுத்தது, பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்காமலே வேலையில் இறங்குவது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓட்டி கெட்டுப்போன இடங்களைக் காட்டுகிற 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியில் இருக்கிற எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 ஏறிக்கொண்டே போகிறது என்றால் டிஸ்க் போகப்போகிறது என்று வைத்துக்கொண்டு, முதலில் முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் வெளியே எடுங்கள், குளோனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இந்த நிலையில் சிலர் விண்டோஸில் இருக்கிற செக் டிஸ்க் என்ற சோதனையைப் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சாகக் கிடக்கிற டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் மணிக்கணக்கில் படிக்க வைத்தால் அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். சி7 என்று ஒரு வரியும் உண்டு, அது ஏறினால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்கை அல்ல, கேபிளை. குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு கனெக்டர் கறுத்துப்போவது சாதாரணம். கேபிளை மாற்றினாலே சரியாகிவிடுகிற டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அளவு விஷயத்தில் ஏமாறுவது அதிகம். 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 என்று காட்டும், 480 ஜிபி எஸ்எஸ்டி 447 என்று காட்டும். உள்ளே இருக்கிற சரக்கு 200 ஜிபிதான், போதுமே என்று 480 வாங்கினால், குளோன்ஜில்லா மாதிரி புரோகிராம்கள், புது டிஸ்க் பழையதைவிடச் சின்னது என்று சொல்லி நின்றுவிடும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குக் கணக்கில்லை. சின்ன டிஸ்குக்கு மாற்றித் தருகிற புரோகிராம்களும் உண்டு, எஸ்எஸ்டி கம்பெனிகள் சில இலவசமாகவே தருகின்றன, தங்கள் டிஸ்க் மாட்டியிருந்தால்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு. ஆனால் பெரியதாகவே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட்டு வைப்பதும் நல்லது, நிரம்பி வழிந்தால் அதுவும் மந்தமாகிவிடும்.

சி டிரைவை மட்டும் குளோன் போட்டுவிட்டு, மெஷின் ஏன் பூட் ஆகவில்லை என்று முழிப்பவர்களும் நிறைய. விண்டோஸைத் தட்டி எழுப்புகிற ஃபைல்கள் பெரும்பாலும் சி டிரைவில் இருக்காது. அதற்கு முன்னால் பெயரில்லாமல் 100 எம்பி அளவில் ஒரு துண்டு (பார்ட்டிஷன்) ஒளிந்திருக்கும், அதில் இருக்கும். டிஸ்க் முழுவதையும் எடுங்கள், எந்தத் துண்டையும் வேண்டாததென்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நான் பட்டது இதற்கடுத்த தவறில். எதிலிருந்து எதற்கு என்பதைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். என் லேப்டாப்பில் இருந்ததும் 500 ஜிபி, வாங்கியதும் 500 ஜிபி. திரையில் டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு என்று மட்டும் தெரிய, ராத்திரி பதினொரு மணித் தூக்கக் கலக்கத்தில் காலியாக இருந்த எஸ்எஸ்டியை எடுத்து நிறைந்திருந்த ஹார்ட் டிஸ்க் மேல் எழுதச் சொன்னேன். 'எல்லாம் அழிந்துவிடும், சரியா?' என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் சரி என்றேன். வேலை சட்டென்று முடிந்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அதிலிருந்து ஒரு பழக்கம்: தொடங்குவதற்கு முன் பழைய டிஸ்கின் மாடல் பெயரையும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் அதையே பார்த்து மட்டும்தான் தேர்ந்தெடுப்பேன். முக்கியமான ஃபைல்களை மூன்றாவதாக ஒரு டிஸ்கில் எடுத்து வைத்து, அதைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுவேன். தேவையில்லாத எந்த டிஸ்கும் அந்த நேரத்தில் மெஷினில் மாட்டியிருக்கக் கூடாது.

விண்டோஸ் 11 லேப்டாப் என்றால், டிஸ்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற பிட்லாக்கரைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலே அது ஆன் ஆகியிருக்கும். அப்படியே குளோன் போட்டு மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பூட்டை ஆஃப் செய்து அது முழுவதும் முடியும்வரை பொறுங்கள். பென்டிரைவிலிருந்து குளோன் புரோகிராமைப் பூட் செய்வதாக இருந்தால், அதற்கு முன் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சும்மா ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் நம்மூருக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குக் குளோன் கிடையாது, அவ்வளவுதான். யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டினால் நொடிக்கு 30, 35 எம்பிதான் போகும், 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீலநிற 3.0 துளை இருந்தால் அதில் மாட்டுங்கள், பாதிக்கும் குறைவான நேரத்தில் முடியலாம். நடுவில் கரண்ட் போனால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், குளோன் பழைய டிஸ்கைப் படிக்கத்தான் செய்கிறது, அதில் எழுதுவதில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். உண்மையில் ஆபத்தானது பழைய டிஸ்கின் பார்ட்டிஷனைச் சுருக்குகிற, நகர்த்துகிற வேலை. அதன் நடுவில் கரண்ட் போனால் டேட்டாவே போய்விடலாம். அதை யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

குளோன் நூறு சதவீதம் என்று காட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்ததால்தான் அத்தான் கடையில் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு டிஸ்கையும் உள்ளேயே விட்டுவிட்டு, ஒரு தடவை ஆன் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து போன். "என்ன மக்கா, எஸ்எஸ்டி போட்டும் சாயா குடிச்சிட்டு வாற நேரம் ஆகுதே?" போய்ப் பார்த்தால் பயாஸில் பூட் வரிசை மாறவே இல்லை, மெஷின் மூன்று நாளும் பழைய டிஸ்கிலேயே ஓடியிருக்கிறது. அந்த மூன்று நாளில் அடித்த நோட்டீஸ் எல்லாம் பழையதில், எஸ்எஸ்டியில் ஒன்றுகூட இல்லை. திரும்பவும் முதலிலிருந்து. முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஓரங்கட்டிவிடும், அல்லது எங்களுக்கு ஆனது மாதிரி ஆகும்.

பூட் ஆனதும் வால்பேப்பரைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நாலைந்து பழைய ஃபைல்களைத் திறந்து, எழுத்து சரியாக வருகிறதா என்று பாருங்கள், பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் ஆக்டிவேஷன் பொதுவாகப் போர்டோடு இணைந்தது என்பதால் பிரச்சினை வராது. ஆனால் சில கணக்கு சாஃப்ட்வேர்களும் டிசைன் சாஃப்ட்வேர்களும் டிஸ்கின் சீரியல் நம்பரைப் பார்த்து லைசென்ஸ் தருபவை, டிஸ்கை மாற்றுவதற்கு முன்பே பழையதில் அவற்றின் லைசென்ஸை ஒப்படைத்துவிட வேண்டும். சி டிரைவ் பழைய அளவிலேயே நின்று மிச்சம் காலியாகக் கிடந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நீட்டிக்கொள்ளலாம். சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிற டிஃப்ராக் புரோகிராம் எதுவும் எஸ்எஸ்டிக்கு வேண்டாம். விண்டோஸ் 8 முதல் அதில் இருக்கிற ஆப்டிமைஸ், எஸ்எஸ்டிக்குத் தேவையானதை மட்டும் தானே செய்துகொள்ளும்.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன், எஸ்எஸ்டி வேகத்தைத்தான் தரும், பாதுகாப்பைத் தராது. அத்தானுடையது விண்டோஸ் 7, அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. அதனால் அந்த மெஷினிலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், வாட்ஸ்அப்பில் வருகிற மேட்டரை எல்லாம் பக்கத்தில் இருக்கிற இன்னொரு லேப்டாப்பில் இறக்கி, வைரஸ் ஸ்கேன் செய்துதான் பென்டிரைவில் எடுத்து வருகிறார்.

பழைய டிஸ்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். தேதியை மார்க்கரால் எழுதி ஒரு மாதமாவது அப்படியே வையுங்கள். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் ஒரே நாளில் போய்விடும், ஹார்ட் டிஸ்க் மாதிரி டிக் டிக் என்று முன்னறிவிப்பு தராது, போனால் டேட்டாவை மீட்பதும் பெரும்பாடு. பழையது நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம். இல்லை, விற்கப்போகிறேன், ஆக்கரில் (பழைய சாமான் கடையில்) போடப்போகிறேன் என்றால் குயிக் ஃபார்மட் போதாது, அது அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். அச்சகக் கடை டிஸ்க் என்றால் வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆதார் ஸ்கேனும் போட்டோவும் உள்ளேயேதான் இருக்கும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள், 500 ஜிபிக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும், அதை ராத்திரி படுக்கப்போகும்போது போட்டுவிட்டுப் போனால் போதும், டிஸ்க் பெயரை இரண்டு தடவை பார்த்துவிட்டு.