எடைக் கணக்கை எண்ணெய் கேனில் இருந்து தொடங்குங்கள்

"சோறு கொஞ்சமாத்தான் சாப்பிடறேன், ஆனாலும் உடம்பு ஏறுது." வடசென்னையில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இந்தப் பேச்சு கேட்காத தெரு இல்லை. சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. தட்டில் விழுகிற சோறு கண்ணுக்குத் தெரிகிறது. தாளிப்பில் போன எண்ணெயும் கடை டீயில் கரைந்த சர்க்கரையும் தெரிவதில்லை. அதனால் எடுத்தவுடன் சோற்றில் கை வைக்காதீர்கள். இரண்டு வாரம் எப்போதும் போலச் சாப்பிட்டு, அளந்து எழுதி மட்டும் வையுங்கள்.

எண்ணெய்தான் முதல். பாக்கெட்டைப் பிரித்துக் கேனில் ஊற்றும் நாளை மார்க்கரால் கேன் மேலேயே எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் போகிறது என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது சுமார் 915 கிராம். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. 30 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 275 கலோரி எண்ணெயிலேயே போகிறது. 200 கிராம் வெந்த சோற்றில் இருப்பதை விட அதிகம். இதையே ஆளுக்கு 600 மில்லியாக இறக்கினால், யார் தட்டிலும் சோறு குறையாமல் தினம் 110 கலோரி குறைந்துவிடும். கேனைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, 5 மில்லி ஸ்பூனால் எடுத்து விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீன் வறுக்கும்போது ஊற்றும் எண்ணெயை முன்னும் மீந்ததைப் பின்னும் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் ஊற்றி 60 கிராம் மீந்தால், 40 கிராம் மீனோடு போயிருக்கிறது: 360 கலோரி. அதைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். காசிமேட்டில் வாங்கிய அதே சங்கராவைக் குழம்பில் போட்டால் இந்தச் செலவு இல்லை. மீந்த எண்ணெயை மறுநாள் குழம்புக்குத் தாளித்தால் அதையும் அந்த நாள் கணக்கில் எழுத வேண்டும். பலர் விடுவது இங்கேதான். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடப் போனால், பூண்டு எண்ணெயைக் குறைத்து, மேலே நொறுக்கிப் போடும் பொரித்த பேஜோவைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள். வாழைத்தண்டு சூப்புக்குப் பயப்பட வேண்டாம்.

டீக்கணக்கு சின்னது, ஆனால் தினமும் வருவது. ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. இரண்டு ஸ்பூன் போட்ட ஐந்து டீயில் சர்க்கரை மட்டும் 200. பால் தனி.

சோற்றை அரிசியாக இருக்கும்போதே நிறுக்கவும். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. 500 கிராம் வடித்து 1,400 கிராம் சோறு வந்தால், 100 கிராம் சோறு 125. குழைய வடித்தால் தண்ணீர் ஏறி எடை கூடும். அதனால் ஒவ்வொரு வீடும் தன் சோற்றைத் தானே ஒரு முறை நிறுத்துக்கொள்வது நல்லது.

இனி செலவுப் பக்கம். சும்மா படுத்திருந்தாலும் மூளை, இதயம், ஈரல் எல்லாம் கலோரியைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. எடையை 10-ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பிறகு ஆணுக்கு 5 கூட்டவும், பெண்ணுக்கு 161 கழிக்கவும். 1990-ல் வந்த மிஃப்லின் செயின்ட் ஜியோர் சூத்திரம் இது. 38 வயது, 158 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு 1,357 வரும். உட்கார்ந்த வேலை என்றால் 1.2, வீட்டு வேலையும் மார்க்கெட் நடையும் என்றால் 1.375, மூட்டை தூக்குபவருக்கு 1.725 என்று பெருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 1.375 போட்டால் சுமார் 1,865. அரை மணி நேரம் நடந்துவிட்டு, மிதமான உடற்பயிற்சி செய்பவருக்கான 1.55 போட்டுக்கொண்டால் கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். சந்தேகம் வந்தால் சின்ன எண்ணையே எடுங்கள்.

சூத்திரம் தோராயம்தான். சரியான பதிலை எடை மெஷின் சொல்லும். காலையில் டாய்லெட் போய் வந்து, டீ குடிக்கும் முன் ஏறுங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். மாதவிடாய் நாட்களை ஒட்டியும் அப்படித்தான். மே மாத வெயிலில் வேர்த்து இறங்குவதும் தண்ணீர், கொழுப்பு அல்ல. இரண்டு வாரச் சராசரியும் நகரவில்லை என்றால், நீங்கள் எழுதி வைத்த சாப்பாடுதான் உங்கள் உடம்பின் செலவு. அதில் 300 முதல் 400 குறையுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. தினம் 400 குறைந்தால் வாரத்துக்கு 350 கிராம் போல இறங்கும். அவசரப்பட்டு 1,200-க்குக் கீழே போனால் தசையும் கரையும், பத்தாம் நாள் பசி தாங்காமல் எல்லாம் திரும்பிவிடும்.

தசையைக் காப்பது புரதம். கிலோவுக்கு 1.2 கிராம் வைத்தால் 72 கிலோவுக்கு 86 கிராம். மீனில் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம், முட்டைக்கு 6 கிராம், மீதியைப் பருப்பு, சுண்டல், தயிரில் நிரப்பலாம். புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது, வயிறும் நேரம் தாங்கும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

"வயசாச்சு, மெட்டபாலிசம் போச்சு" என்பதை அப்படியே ஏற்க வேண்டாம். 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை செலவு ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் காட்டியது. தைராய்டு சந்தேகம் இருந்தால் டிஎஸ்எச் பரிசோதனை எடுங்கள், அதைச் சரிசெய்ய மாத்திரை இருக்கிறது. ஆனால் அதனால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு நீர்.

நாலைந்து மாதத்தில் இறக்கம் நின்றால் சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். 64 கிலோவுக்கு வந்த அதே பெண்ணின் செலவு 1,755 மட்டுமே, முன்பை விட 110 குறைவு. எண்ணெயில் மிச்சம் பிடித்ததும் அதே 110.