நொண்டுகிற கறிக்கோழி: அறுப்பதா, வைப்பதா? நாம் செய்கிற தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொல்லையில் பத்து இருபது கறிக்கோழி வளர்ப்பவரிடம் போய் "ஒண்ணு நொண்டுது" என்று சொல்லிப் பாருங்கள். "ஞாயித்துக்கிழமை அறுத்துக்கலாம், விடுங்க" என்பார். நானும் அப்படித்தான் விட்டேன். செவ்வாய்க்கிழமை கால் இழுக்க ஆரம்பித்தபோது ஒன்றே முக்கால் கிலோ இருந்த கோழி அது. ஞாயிறு காலை தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்துகிறது, அடிவயிற்றுத் தோல் வெந்து சிவந்திருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து விருந்துக்கு வந்த மச்சானுக்குக் கடைக்கறிதான் போட்டேன்.

பிராய்லர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும் சாதி. சதை ஏறுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது. நொண்டும் கோழி தீவனத்தட்டு வரை போகாது, போனாலும் மற்றவை மிதித்துத் தள்ளும். தண்ணீரும் குடிக்காமல் ஈர உமியிலேயே உட்கார்ந்து கிடக்கும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருக்க, அது தன் சதையையே தின்றுகொண்டிருக்கும்.

கால் எவ்வளவு கோணல் என்று பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. கோணல் காலோடு ஓடியாடித் தின்கிற கோழியும் உண்டு, கால் நேராக இருந்தும் எழாத கோழியும் உண்டு. எழுப்பி விட்டால் தானாக நடந்து தண்ணீருக்குப் போகிறதா என்பதைப் பாருங்கள். போனால் தனிக்கூண்டில் காய்ந்த உமி போட்டு, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் தட்டு வைத்து, இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். தினமும் தராசில் நிறுத்துங்கள். எடை ஏறினால் சரி, இருக்கட்டும். நின்றுவிட்டால் அன்றைக்கே கத்தி. இறக்கையை ஊன்றித் தவழ்கிற கோழிக்கு இந்த இரண்டு நாள் காத்திருப்பும் வேண்டாம், உடனே அறுத்துவிடுங்கள், அது பாவம்.

குஞ்சு என்றால் மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டு வாரக் குஞ்சு விரல்கள் உள்பக்கம் சுருண்டு முட்டியால் நடந்தால், பெரும்பாலும் ரைபோபிளேவின் என்கிற பி2 வைட்டமின் குறைவு. ஆரம்பத்திலேயே வைட்டமின் கலந்த தண்ணீர் கொடுத்தால் தேறிவிடும், நாள் கடந்தால் தேறாது. செய்தித்தாள் விரித்த வழுக்குத் தரையில் கால் அகன்றுபோன குஞ்சுகளையும் நோய் என்று நினைத்துக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் தரையை மாற்றுங்கள். பெரிய கோழியானால் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். கறுப்புப் பொருக்கோடு வீங்கியிருந்தால் அது புண், கழுவி மருந்து வைத்தால் ஆறக்கூடியது.

கறிக்காகவே கிராமஸ்ரீ இனக் கோழியோ நாட்டுக்கோழியோ மாதக்கணக்கில் வளர்ப்பவர்கள் வேறொன்றையும் பார்ப்பார்கள்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கும் கோழி. பெரும்பாலும் மேரக்ஸ் என்கிற வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசியும் குஞ்சு பொரித்த உடனே போடுவதுதான். நல்லெண்ணெயும் மஞ்சளும் தடவி உருவிவிடுவதை எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம். கோழிக்குச் சுகமாக இருந்திருக்கலாம், எழுந்து நடக்கவில்லை.

அப்புறம் மருந்து. மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊற்றிப் பார்த்துவிட்டு, "தேறல, குழம்பு வெச்சிடலாம்" என்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. மருந்து நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்துக் கறி தின்னலாம் என்பது ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் மிருகாசுபத்திரியில் கேளுங்கள். அறுக்கப் போகிற கோழி என்று தெரிந்தால் மருந்தையே தொடாமல் இருப்பது மேல். அறுத்த பிறகு ஈரலில் வெள்ளைப் புள்ளியோ கட்டியோ, மூட்டில் சீழோ தெரிந்தால் முழுக் கோழியையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாய்க்கும் போடாதீர்கள்.

மேலே சொன்னதெல்லாம் ஒரு கோழி நொண்டும்போது. ஒரே நாளில் நாலைந்து கோழி சாய்ந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டு பச்சையாகக் கழிந்தாலோ, அது வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அப்போது அறுக்காதீர்கள். இருப்பதை அவசரமாக வண்டியேற்றி மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி விற்கவும் போகாதீர்கள். கொட்டகையை மூடிவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.