மீன்காட்சியகத்துக்கு ஒரு நாள்: கிளம்பும் முன்பே செய்துவிடும் தவறுகள்

பெரிய நகரங்களில் உள்ள மீன்காட்சியகங்களுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கூட்டம் தாங்கவில்லை, கால் விட்டுப்போச்சு, எடுத்த படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இவையெல்லாம் அங்கே போன பிறகு நடந்தவை மாதிரித் தோன்றும். உண்மையில் முந்தைய நாள் இரவே முடிவாகிவிட்டவைதான். டிக்கெட், போகும் வழி, திரும்பும் வண்டி எல்லாவற்றையும் யோசித்து வைப்பவர்கள், உள்ளே நுழைந்ததும் எதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் யோசிப்பதே இல்லை.

எல்லாத் தொட்டிகளையும் பார்த்தே தீர்வது

இதுதான் தாய்த் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

பெரிய மீன்காட்சியகம் என்றால் நூற்றுக்கணக்கான உயிரினங்கள் இருக்கும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினாலே பொழுது போய்விடும். நடப்பதைப் பாருங்கள்: முதல் இரண்டு கூடங்களில் ஒரு பலகை விடாமல் படிக்கிறார்கள். மூன்றாவது கூடத்தில் நடை வேகமெடுக்கிறது. ஐந்தாவதில் கண் மீனைத் தேடுவதில்லை, உட்கார இடம் இருக்கிறதா என்று தேடுகிறது. அந்த வளாகத்தின் மிகச் சிறந்த தொட்டி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-லேயே இதற்கு ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். பார்வையாளர் குனிந்தும் எட்டியும் படும் பாட்டைப் புகைப்படங்களாகவே போட்டுக் காட்டினார். மீன்காட்சியகத்தில் இந்தக் களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். அரையிருட்டு, சுவரில் மோதித் திரும்பும் சத்தம், கடினமான தரை, நடப்பதும் நிற்பதுமாக மாறிமாறி வரும் அசைவு எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

முந்தைய நாளே தளவரைபடத்தை இணையத்தில் பாருங்கள். மூன்று தொட்டிகளைத் தேர்ந்தெடுங்கள், நான்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மற்றவை வழியில் கண்ணில் பட்டால் சரி, படாவிட்டாலும் சரி.

இருபது நிமிடம் அதிகமாகத் தோன்றலாம். முதல் நிமிடத்தில் தெரிவது நிறம் மட்டும்தான். கொஞ்சம் நின்றால்தான் எந்த மீன் எந்தப் பாறையைத் தன் இடமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டுகிறது, எந்த இறால் பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்கிறது என்பதெல்லாம் தெரியவரும். ஆக்டோபஸ் தொட்டி காலியாக இருக்கிறது என்று சொல்லி நகர்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது பெரும்பாலும் அங்கேயேதான், பாறையோடு பாறையாக, மூடித் திறக்கும் ஒரு துளையாக இருக்கும். மணலில் பாதி உடலைப் புதைத்து நிற்கும் தோட்ட விலாங்குகளும் அப்படித்தான், அசைவு கண்டால் உள்ளே போய்விடும் கூச்சப் பிறவிகள். 2020-இல் பெருந்தொற்றால் மூடியிருந்த டோக்கியோவின் சுமிடா அக்வேரியத்தில், இவை மனித முகமே மறந்துபோய், பராமரிப்பவர் வந்தாலும் மணலுக்குள் ஒளிய ஆரம்பித்தன. அதற்காகப் பொதுமக்களை வீடியோ அழைப்பில் வந்து முகம் காட்டும்படி கேட்டுக்கொண்டார்கள்!

கட்டடத்தின் போக்கைத் தெரிந்துகொள்ளாமல் போவது

எல்லா மீன்காட்சியகமும் இஷ்டம்போலச் சுற்றும்படி கட்டப்பட்டதல்ல. 1990-இல் திறந்த ஒசாகாவின் கையூகானில், பார்வையாளரை முதலில் எட்டாவது மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து நடுவிலுள்ள பசிபிக் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். லிஸ்பனின் ஓசியனாரியோவில் (1998) ஐம்பது லட்சம் லிட்டர் கொண்ட நடுத்தொட்டியைச் சுற்றி நான்கு கடற்கரைச் சூழல்கள் இருக்கின்றன. முதலில் நீர்மட்டத்துக்கு மேலே அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கீழ்த்தளத்தில் அதே இடங்களை நீருக்கடியில் பார்க்கிறோம். இத்தகைய இடங்களில் ‘அப்புறம் திரும்பி வந்து பார்த்துக்கலாம்’ என்பது நடக்காது, நடந்தாலும் கூட்டத்தை எதிர்த்துத்தான் நடக்க வேண்டும்.

சுதந்திரமாகச் சுற்றக்கூடிய கட்டடம் என்றால் வேறு உத்தி. திறந்தவுடன் எல்லோரும் முதல் கூடத்தில் தேங்குவார்கள். நீங்கள் நேராகப் பெரிய தொட்டிக்குப் போய்விடுங்கள். ஆள் குறைவாக இருக்கும் அந்த முதல் அரைமணி நேரம் நாள் முழுக்கத் திரும்பக் கிடைக்காது.

இன்னொன்று, டிக்கெட் எதற்கு என்று தெரியாமல் வாங்குவது. துபாய் மாலில் 2008-இல் திறந்த ஒரு கோடி லிட்டர் தொட்டியின் முகப்பைக் கடைவீதியில் நடந்துபோகிற எவரும் சும்மா நின்று பார்க்கலாம். நடுவே போகும் சுரங்கப் பாதைக்கும் மற்றப் பகுதிகளுக்கும்தான் டிக்கெட். கூடுதல் கட்டணப் பொதிகளில் என்னென்ன சேருகிறது, அது உங்களுக்குத் தேவையா என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தவறான நாள், தவறான நேரம்

மழை பெய்தால் மீன்காட்சியகம் போகலாம் என்ற யோசனை நல்லதுதான். ஊரே அதைத்தான் யோசிக்கும். வெளியே வெயில் நன்றாக அடிக்கும் நாளில் உள்ளே கூட்டம் குறையும். பள்ளி நடக்கும் வாரநாட்களில் காலையில் மாணவர் குழுக்கள் வரும், மதியத்துக்கு மேல் கிளம்பிவிடும். ஆகவே வாரநாள் பிற்பகல் பொதுவாக அமைதியானது.

ஆனால் சாயங்காலம் தாமதமாகப் போவதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைசி அனுமதி மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும் இடங்கள் நிறைய. கடல் உயிரினங்களைக் கையால் தொட்டுப் பார்க்க விடும் ‘தொடும் குளங்களையும்’ வெளிப்புறப் பகுதிகளையும் அதற்கும் முன்னால் மூடிவிடுவதுண்டு. நேரம் குறித்த டிக்கெட் முறை உள்ள இடங்களில், பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் நகரச் சுற்றுலாச் சீட்டு கையில் இருந்தாலும் தனியாக நேரம் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். இது தெரியாமல் வாசலில் நின்று வாதாடுபவர்களை எங்கும் பார்க்கலாம். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியுமா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒளியும் நேரத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் மாண்டரே பே மீன்காட்சியகத்தில் (1984) உள்ள கெல்ப் காட்டுத் தொட்டி எட்டரை மீட்டர் உயரம். மேலே திறந்திருக்கும், நேரடிச் சூரிய ஒளி விழும். அந்தக் கடற்பாசி வளர்வதற்கே அந்த ஒளி வேண்டும். உச்சி வெயிலில் அந்தத் தொட்டி வேறு, மாலையில் வேறு. இப்படி வானம் பார்த்த தொட்டி ஏதாவது இருந்தால் அதை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டறைத் தொட்டிகளுக்கு எந்த நேரமும் ஒன்றுதான். வெயிலிலிருந்து நேராக அங்கே போகாதீர்கள், அவ்வளவே. கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

இல்லாததைத் தேடிப் போவது

பெரிய வெள்ளைச் சுறாவைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால், வீட்டிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. தொட்டியில் அது தாக்குப்பிடிப்பதில்லை. மாண்டரே பே 2004-இல் கொண்டுவந்த ஒரு குட்டி 198 நாள் இருந்தது. அதுவே அன்று பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. பிறகு அதைக் கடலில் விட்டுவிட்டார்கள். திமிங்கலச் சுறா வைத்திருக்கும் இடங்களும் உலகில் மிகக் குறைவு. ஜப்பானில் ஒகினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத்தில் அது இருக்கிறது. அங்கே தொட்டி பத்து மீட்டர் ஆழம் என்பதால், அந்த மீன் செங்குத்தாக நிமிர்ந்து இரையை உறிஞ்சுவதைப் பார்க்கலாம். டால்பின் காட்சியும் எல்லா இடத்திலும் கிடையாது.

உணவு கொடுக்கும் நேர அட்டவணையும் இதே கதைதான். கடல் நீர்நாய் ஒரு நாளில் தன் எடையில் கால்வாசி அளவுக்குத் தின்னும். அதனால் அதற்குத் தினமும் பலமுறை உணவு. சுறாக்களுக்கு வாரத்தில் சில நாள் மட்டும் கொடுக்கும் இடங்கள் பல. ‘சுறாவுக்கு உணவளிப்பதைப் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தால் எந்தக் கிழமை என்று பாருங்கள். பராமரிப்புக்காக மூடியிருக்கும் தொட்டிகளின் பட்டியலும் இணையதளத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கும். பெரிய தொட்டி ஒன்றைப் புதுப்பிக்க மாதக்கணக்கில் ஆகும்.

கண்ணாடியோடு மல்லுக்கட்டுவது

பெரிய தொட்டிகளின் முகப்பு பெரும்பாலும் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக். சுராவுமியின் பெரிய பலகை 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். அக்ரிலிக், கண்ணாடியைவிட மென்மையானது. மோதிரம், சாவி, குழந்தை கையிலுள்ள பொம்மைக் கார் எதுவும் கோடு போட்டுவிடும். அந்தக் கோடு அடுத்து வரும் எல்லோர் படத்திலும் விழும்.

பிளாஷ் போட்டால் பலகையில் பட்டுத் திரும்பி உங்கள் படத்தையே வெளுத்துவிடும். அது போக, பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. செய்ய வேண்டியது எளிது: கேமரா முகத்தைப் பலகையோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் தடித்த அக்ரிலிக்கும் நீரும் ஒளியை வளைத்து, உருவம் இழுபட்டு ஓரத்தில் வண்ணம் பிரியும். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் படம் முழுக்க உங்கள் சட்டைதான் தெரியும், கருநிறம் உத்தமம். கைபேசியின் இரவுப் பயன்முறை நிற்கிற கட்டடத்துக்குச் சரி, நீந்துகிற மீனைக் கோடாக்கிவிடும்.

தொட்டி பார்வைக்கு ஆழம் குறைந்ததாகவும் மீன் பெரிதாகவும் தெரிவது கண்ணின் குறையல்ல. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் உள்ளே இருப்பது உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தோன்றும். ‘இவ்ளோ கிட்டத்துல இருக்கு, தட்டினா வரும்’ என்று தோன்றுவதற்கு இதுவும் காரணம். தட்டாதீர்கள். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும், மீன் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வாலும் அதிர்வை அறியும். அது வராது, ஓடிவிடும்.

தொடும் குளத்தில்

பலரும் தொட்ட பிறகு மட்டும் கை கழுவுவார்கள். முன்பும் கழுவ வேண்டும், சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில். கையிலுள்ள சன்ஸ்கிரீனும் கிருமிநாசினித் திரவமும் திருக்கைக்கோ நட்சத்திர மீனுக்கோ ஆகாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் மெல்லத் தொட்டால் போதும். பிடித்துத் தூக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், நீரிலுள்ள சில நுண்ணுயிரிகள் காயத்தின் வழியே தோலைப் பாதிக்கும்.

குழந்தைகளோடு போனால்

‘தொலைந்துபோனால் பெரிய தொட்டிகிட்ட நில்லு’ என்று சொல்வது பெரும் தப்பு. பெரிய தொட்டி இரண்டு மூன்று தளங்களிலிருந்து தெரியும். குழந்தை ஒரு தளத்தில், நீங்கள் இன்னொரு தளத்தில், இருவரும் அதே தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். வெளிச்சமான ஓர் இடத்தைச் சொல்லுங்கள், தகவல் மேசை மாதிரி. கருப்புச் சட்டை என்று மேலே சொன்னது படம் எடுப்பவருக்கு. குழந்தைக்குப் பளிச்சென்ற நிறம் போடுங்கள்.

இருட்டும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக அமைதி நேரம் ஒதுக்கும் மீன்காட்சியகங்கள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். பெங்குயின் பகுதி குளிரும், மழைக்காடு மாதிரி அமைத்த கூடம் வேர்க்கும். மெல்லிய மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும். குளிரிலிருந்து ஈர அனலுக்குள் போனால் மூக்குக் கண்ணாடியும் கேமராவும் சில நிமிடம் மூடுபனிதான். தள்ளுவண்டி அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

திரைக்குப் பின்னால்

வடிகட்டிகள், உணவு தயாரிக்கும் அறை, புதிதாக வந்த மீன்களைத் தனியே வைக்கும் தொட்டிகள், பெரிய தொட்டியின் மேல்தளம் இவற்றைக் காட்டும் வழிகாட்டிச் சுற்று பல இடங்களில் உண்டு. என்னைக் கேட்டால் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது இது ஒன்றுதான். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுபவர்களுக்கு அநேகமாகக் கிடைக்காது, ஆள் எண்ணிக்கை சிறியது, முன்கூட்டியே தீர்ந்துவிடும். குறைந்தபட்ச வயது வரம்பு இருக்கும். படிகளும் ஈரத் தரையும் இருப்பதால் முன்பக்கம் மூடிய காலணி கேட்பார்கள். செருப்போடு போனால் பணம் கட்டியிருந்தாலும் கதவோடு நிறுத்திவிடக்கூடும்.