ஹைப்ரிட் செர்ரி தக்காளி: பூ உதிராமல் காய் பிடிக்க வைப்பது எப்படி?

முதல் ஆண்டு நான் வளர்த்த செர்ரி தக்காளிச் செடிகள் ஆள் உயரத்திற்கு வளர்ந்தன. தண்டு விரல் தடிமன் இருந்தது, இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருந்தன, பூக்களும் கொத்துக் கொத்தாக வந்தன. ஆனால் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் தொட்டியின் மண்மேல் மஞ்சள் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தேன் என்பதே இந்தச் செய்முறையின் நடுப்பகுதி. அதனால் மற்றப் படிகளைச் சற்று வேகமாகவே கடந்து செல்கிறேன்.

விதையைத் தேர்ந்தெடுத்தல்

ஹைப்ரிட் அல்லது வீரிய ஒட்டு விதை என்பது, குணம் மாறாத இரண்டு தாய் வரிசைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து பெறப்படும் முதல் தலைமுறை விதை. உறையில் 'எஃப் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த விதையிலிருந்து வரும் செடிகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும், வேகமாக வளரும், பல ரகங்களுக்குச் சில நோய்களைத் தாங்கும் ஆற்றலும் உண்டு. ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் குணங்கள் பிரிந்துவிடும்: ஒரு செடி சிறு பழமும் மற்றொன்று பெரிய பழமும் தரலாம், இனிப்பும் ஒன்றுபோல் இருக்காது. அதே பழம் மீண்டும் வேண்டுமென்றால் புதிய விதை வாங்குங்கள். அல்லது நல்ல செடியின் பக்கத் தளிர் ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் வையுங்கள். இரண்டு வாரத்திற்குள் வேர் விட்டுத் தாய்ச்செடியின் நேர் நகலாக அது வளரும்.

விதை உறையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வளர்ச்சி முறையைப் பாருங்கள். செர்ரி தக்காளியில் பெரும்பாலான ஹைப்ரிட் ரகங்கள் கொடிபோல் ஓயாமல் வளர்பவை. இரண்டு மீட்டரைத் தாண்டுவதும் வழக்கம்தான். ஜப்பானின் டொகிட்டா நிறுவனம் 1992-இல் வெளியிட்ட சன்கோல்டு அந்த வகை. ஆரஞ்சு நிறமும் மிகுந்த இனிப்பும் உடையது, ஆனால் தோல் மெல்லியது என்பதால் எளிதில் வெடிக்கும். இடம் குறைவாக இருந்தால், குறித்த உயரத்தில் நின்றுவிடும் குத்துச்செடி ரகத்தையோ தொங்கு தொட்டிக்கென உருவாக்கிய ரகத்தையோ தேர்ந்தெடுக்கலாம். கொடி வகைக்கு ஒரு செடிக்குக் குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். குத்து வகைக்கு 10 லிட்டர் போதும். நெகிழித் தொட்டியைவிடத் துணியாலான வளர்ப்புப் பையையே நான் விரும்புகிறேன். ஓரம்வரை வந்த வேர் காற்றுப் பட்டதும் நின்று, உள்ளே புதுக் கிளை வேர்களை விடும். தொட்டியில்போல் வட்டமிட்டுச் சுற்றிக்கொள்ளாது. பை விரைவில் காய்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் வேர் அழுகுவதைவிட அது சமாளிக்கக்கூடியது.

விதைப்பும் நடவும்

குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, ஈரம் காயாமல் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஐந்து முதல் பத்து நாட்களில் முளைக்கும். முளை தலைகாட்டியதும் நல்ல வெளிச்சத்திற்கு மாற்றுங்கள். தாமதித்தால் நாற்று வெளிறி நூல்போல் நீண்டுவிடும். நான்கு முதல் ஆறு வாரத்தில், முதலில் தோன்றும் விதையிலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகள் நான்கைந்து வந்ததும், ஒரு வாரம் வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கிய பின் நடலாம். நடும் இடத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும்.

நடும்போது கீழ் இலைகளை அகற்றிவிட்டுத் தண்டின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டின்மேல் மயிரிழை போன்ற ரோமங்களுக்கு நடுவே சிறு புடைப்புகள் தென்படும். மண் பட்டதும் அவை வேராக மாறும். நாற்று நீண்டு போயிருந்தாலும் இந்த ஒரு செயலால் அதைக் காப்பாற்றிவிடலாம். மண் கலவையில் தோட்ட மண், கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் சேர்க்கிறேன். நீர் தேங்காத எந்தக் கலவையும் சரிதான்.

தாங்கலும் பக்கத் தளிரும்

நட்ட அன்றே தாங்கலை அமைத்துவிடுங்கள், பின்னர் ஊன்றினால் வேர் அறுபடும். கடைகளில் கிடைக்கும் கூம்பு வடிவக் கம்பிக் கூண்டுகள் கொடி வகைக்கு உயரம் போதாதவை. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. மேலே ஒரு கம்பியில் கட்டிய உறுதியான கயிற்றைச் செடியின் அடிவரை இறக்கி, வாரம் ஒருமுறை தண்டைக் கயிற்றில் மெதுவாகச் சுற்றிவிடுவதுதான் எனக்கு மிகவும் ஒத்துவந்தது. அப்படிச் செய்ய இடமில்லாதவர்கள் இரண்டு மீட்டர் கோலில் பழைய பருத்தித் துணிக் கீற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டலாம். மெல்லிய கம்பியால் மட்டும் கட்டாதீர்கள், அது தண்டை அறுத்துவிடும்.

கொடி வகையில் இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் பக்கத் தளிர்களை விரல் நீளம் வருமுன் கிள்ளிவிட வேண்டும். புதியவர்கள் பலர் தளிருக்குப் பதிலாகப் பூங்கொத்தைக் கிள்ளிவிடுகிறார்கள். வேறுபாடு எளிது: பக்கத் தளிர் இலைக் கக்கத்திலிருந்து வரும், பூங்கொத்து இரண்டு இலைகளுக்கு இடையே வெறும் தண்டிலிருந்து வரும். குத்து வகைச் செடியில் தளிர் கிள்ளவே கூடாது, விளைச்சல் முழுவதும் அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது.

பூ காயாகும் இடம்

இப்போது என்னைத் தடுக்கி விழச் செய்த படிக்கு வருகிறேன். வெள்ளை ஈ வந்து இலைச் சுருட்டு நச்சுயிரியைப் பரப்பிவிடும் என்ற அச்சத்தில், செடிகள் அனைத்தையும் மெல்லிய பூச்சி வலையால் நாற்புறமும் மூடி வைத்திருந்தேன். பூ உதிரத் தொடங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன். பின்னர் சத்துக் குறைவு என்று எண்ணித் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை இட்டேன். இரண்டாலும் இலைதான் பெருத்தது. காற்றும் வண்டும் நுழைய முடியாத வலைக்குள் செடியை நானே அடைத்து வைத்திருக்கிறேன் என்பது அப்போது தோன்றவே இல்லை.

உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக் காம்பைக் கவனித்தபோதுதான் விளங்கத் தொடங்கியது. தக்காளிப் பூவின் காம்பில், முழங்கால் மடிப்பைப்போல் லேசாகப் புடைத்த ஒரு மூட்டு இருக்கும். பூ வாடிப் பிய்ந்து விழவில்லை, அந்த மூட்டில் சுத்தமாகக் கழன்று விழுந்திருந்தது. கருவுறாத பூவுக்குச் சத்தைச் செலவிட வேண்டாம் என்று செடியே அந்த இடத்தில் இணைப்பை அறுத்துக்கொள்கிறது. மூட்டு மஞ்சளாக மாறினால் பூ இன்னும் ஓரிரு நாளில் உதிரும் என்று பொருள்.

தக்காளிப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒரே செடி இருந்தாலும் காய்க்கும். பின்னோக்கி மடிந்த மஞ்சள் இதழ்களின் நடுவே மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூம்பாக நிற்கின்றன, சூலகத்தின் நுனி பெரும்பாலும் அந்தக் கூம்புக்குள்ளேயே இருக்கிறது. மகரந்தப் பைகள் உட்பக்கமாகத் திறப்பதால், பூ அதிர்ந்தால்தான் தூள் கொட்டும். திறந்த வெளியில் காற்றின் அசைவும், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் தச்சு வண்டு போன்ற பெரிய வண்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. தேனீக்களுக்கு அந்த அதிர்வு முறை தெரியாது. ஆகவே தோட்டத்தில் தேனீ வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையே, பனி ஈரம் நன்றாகக் காய்ந்தபின், மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூங்கொத்தின் தடித்த காம்பில் இரண்டு மூன்று நொடி தொட்டுப் பிடியுங்கள். பூவைத் தொடக் கூடாது. கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை நீட்டிப் பிடித்தால், மெல்லிய மஞ்சள் தூள் அதில் படிவதை வெறும் கண்ணால் பார்க்கலாம். முதன்முதலில் அந்தத் தூளைப் பார்த்த நாளில், மூன்று வாரக் கவலை ஒரு நொடியில் தீர்ந்தது. மின்சாரப் பல்துலக்கி இல்லையென்றால் காம்பை விரல் நுனியால் சுண்டிவிடலாம். அதுவும் பயன் தரும், ஆனால் அதிர்வு சீராக இருப்பதால் நான் பல்துலக்கியையே வைத்துக்கொண்டேன். தூரிகையால் பூவுக்குப் பூ தடவுவது பூசணிக்கு ஏற்ற முறை. தக்காளியின் மகரந்தம் கூம்புக்குள் இருப்பதால் தூரிகை அதை எட்டாது.

ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும் என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது இதைச் செய்யுங்கள். கருவுற்ற பூவின் இதழ்கள் சுருங்கிக் காய்ந்தாலும் காம்பு பச்சையாகவே நிற்கும், ஒரு வாரத்திற்குள் வாடிய இதழ்களை விலக்கிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் பச்சை முத்து ஒன்று தெரியும். வலையைப் பொறுத்தவரை, முதல் பூ விரியும்வரை மட்டும் மூடிவைத்து, அதன்பின் பகலில் திறந்துவிடுகிறேன். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதுமானவையாக இருக்கின்றன.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த சிலர், அதிரவைத்தும் பூ உதிர்கிறது என்று எழுதினார்கள். அவர்களிடம் வெப்பத்தைக் கேட்டறிந்தபோது காரணம் தெரிந்தது. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் மகரந்தம் உயிர்ப்பை இழக்கிறது. இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் காய் பிடிப்பதில்லை. அந்த நாட்களில் எவ்வளவு அதிரவைத்தும் பயனில்லை. பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டி, ஈரத்தைச் சீராக வைத்து, செடியைப் பிடுங்காமல் காத்திருங்கள். வெப்பம் தணிந்ததும் வரும் அடுத்த கொத்து காய்க்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் மகரந்தம் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்போது நண்பகலுக்குச் சற்றுப் பின் செய்து பாருங்கள்.

தண்ணீரும் உரமும்

முதல் கொத்து பூத்ததும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்திற்கு மாறுங்கள். தண்ணீரில் அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். மண் நன்றாகக் காய்ந்தபின் ஒரேயடியாக ஊற்றினால், பழத்தின் உள்ளே நீர் புகும் வேகத்திற்குத் தோல் விரிந்து கொடுக்க முடியாமல் வெடித்துவிடும். ஈரப்பத மானியை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், விரலே நம்பகமானது. மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மண்மேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் உலர்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் ஏறி இறங்காமல் நிற்கும். பெரிய தக்காளிகளைத் தொல்லைப்படுத்தும் நுனி அழுகல் செர்ரி வகையில் அரிதாகவே வருகிறது என்பதால், முட்டையோட்டுத் தூள் தேடி அலைய வேண்டியதில்லை.

இலை சுருளும்போது பலரும் பதறுகிறார்கள். கீழ் இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழாய்போல் சுருண்டு, நிறம் மாறாமல் தடித்திருந்தால் அது வெயிலாலோ அதிகம் கிள்ளியதாலோ வருவது; விட்டுவிடலாம். உச்சித் தளிர்கள் சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, கிண்ணம்போல் குவிந்து, வளர்ச்சியும் நின்றிருந்தால் அது நச்சுயிரி. அதற்கு மருந்தில்லை, மற்றச் செடிகளைக் காக்க அந்தச் செடியை உடனே அகற்றிவிடுங்கள்.

பறித்தல்

நட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 55 முதல் 65 நாளில் முதல் கொத்து பழுக்கும். கொத்தின் அடியிலுள்ள பழம் முதலில் பழுத்து, நுனி நோக்கி ஒவ்வொன்றாகத் தொடரும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். கடும் வெயிலில், 30 டிகிரிக்கு மேல், சிவப்பு நிறமியான லைக்கோபீன் உருவாவது தடைபடுவதால் சிவப்பு ரகமும் ஆரஞ்சாகவே நின்றுவிடும். மழை வரும் அறிகுறி தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கிய பழங்களையும் பறித்துவிடலாம். வீட்டுக்குள் அவை முழுமையாகப் பழுக்கும், வெடிப்பும் தவிர்க்கப்படும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் குறைந்துபோகும், மேசைமேல் வைப்பதே நல்லது.

பறிக்கும்போது பழத்தை இழுக்காதீர்கள். இழுத்தால் காம்படி கிழிந்து சாறு கசியும். பழத்தை உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலைக் காம்பின் மூட்டில் வைத்து லேசாக மடக்குங்கள். முன்பு பூக்கள் கழன்று விழுந்த அதே மூட்டில், பச்சைப் புல்லி இதழ்களோடு பழம் கையில் வந்துவிடும்.