பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு: பினாங்கில் பகுதி நேரமாகப் படமெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பணி, அலுவலகத்தில் கணக்கு வேலை என்று வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் திருமணம், காதுகுத்து, பிறந்தநாள், கோயில் திருவிழா ஆகியவற்றுக்குப் படமெடுத்துச் சம்பாதிப்பவர்கள் பினாங்கில் உண்டு. இவர்களில் பிலிமில் தொழில் கற்ற மூத்தவர்களும், பிலிம் மீது ஆசை கொண்டு அதிலேயே கை பழகிய இளைஞர்களும், தொழிலை டிஜிட்டலுக்கு மாற்ற நினைக்கும்போது முதலில் விசாரிப்பது கேமராவின் விலையைத்தான். ஆனால், பகுதி நேரத் தொழிலில் அரிதான பொருள் பணமன்று, நேரம். பிலிம் வாங்குவதற்கும் கழுவுவதற்கும் செலவான பணம் இந்த மாற்றத்தால் மிச்சமாகிறது. அதற்கு ஈடாக உங்கள் இரவுகள் செலவாகின்றன. கட்டணம், கருவி, ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கைக் கொண்டே தீர்மானியுங்கள்.

ஒரு திருமணத்துக்கு 36 படங்கள் கொண்ட பத்துச் சுருள்களை எடுத்துச் செல்பவர் ஏறக்குறைய 360 படங்களோடு வீடு திரும்புவார். அதே மண்டபத்தில் டிஜிட்டல் கேமராவோடு நிற்பவர் 2,000 படங்களை எளிதாக எட்டிவிடுவார். ஒரு படத்தை வைப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய 10 விநாடி பிடிக்கும் என்று கொண்டால், தேர்வுக்கு மட்டுமே ஐந்தரை மணி நேரம் ஆகும். நிறத்தைச் சரிசெய்வதும் ஆல்பம் வடிவமைப்பதும் அதன் பிறகுதான் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் செல்ல வேண்டியவருக்கு இது பெரிய சுமை. ஆகவே, “இப்போதுதான் பிலிம் செலவு இல்லையே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணே” என்று கேட்பவரிடம் உடனே இணங்கிவிடாதீர்கள். மண்டபத்தில் நிற்கும் நேரம், கணினியின் முன் உட்காரும் நேரம், பாலம் கடந்து பட்டர்வொர்த்துக்கோ புக்கிட் மெர்தாஜாமுக்கோ சென்று வரும் செலவு, கருவியின் தேய்மானம் என்று தனித்தனியே எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே கட்டணத்தைச் சொல்லுங்கள். எத்தனை படங்கள் தருவீர்கள், எத்தனை வாரங்களில் தருவீர்கள் என்பதையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிலிம் கற்றுக்கொடுத்த சிக்கனத்தையும் கைவிட வேண்டாம். நலங்குக்கு இத்தனை, மாலை மாற்றுவதற்கு இத்தனை என்று மனத்தில் ஓர் அளவு வைத்துக்கொண்டு எடுப்பவருக்குத் தேர்வு வேலை பாதியாகக் குறையும்.

கருவியைப் பொறுத்தவரை, கையிலுள்ள லென்சுகளை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். லென்சைக் கேமராவில் பொருத்தும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதலும், கேனனின் ஈ.எஃப். மவுண்ட் 1987 முதலும் இருந்து வருகின்றன. எனவே பிலிம் காலத்து லென்சுகள் பல இன்னமும் பயன்படும். வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. பழைய நிக்கான் ஏ.எஃப்.டி. லென்சுகள் தாமாகக் குவியம் பிடிக்க வேண்டுமென்றால், கேமரா உடலுக்குள் அதற்கான மோட்டார் இருக்க வேண்டும். விலை குறைந்த உடல்கள் பலவற்றில் அது கிடையாது. அடுத்தது, பிலிமின் இடத்தில் இருந்து ஒளியைப் பதியும் சென்சாரின் அளவு. 35 மி.மீ. பிலிம் படத்தைவிடச் சிறிய சென்சாரில் 28 மி.மீ. லென்ஸ், நிக்கானில் 42 மி.மீ. போலவும் கேனனில் 45 மி.மீ. போலவும் காட்சியைக் குறுக்கிவிடும். அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் சொந்தபந்தம் அனைவரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டிய நமக்கு இது பெரிய குறைதான். பணம் அளவாக இருந்தால், புது லென்சைத் தள்ளிப்போட்டுவிட்டு, இரண்டு மெமரி கார்டு போடக்கூடிய உடலை வாங்குங்கள். இரண்டாவது உடலை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிலிமில் பழகிய கை அதிகம் தடுமாறுவது ஒளி அளவில். கலர் நெகட்டிவ் பிலிம், கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) அதிகமானாலும் பிரிண்ட் போடும்போது சரிசெய்துவிடலாம். டிஜிட்டல் சென்சார் நேர்மாறானது. வெளிச்சமான பகுதி முழுவதும் வெளுத்துவிட்டால் அங்கே மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது. நிழலில் உள்ளதையோ, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் பெருமளவு மீட்டுவிடலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில், உச்சி வெயிலில் வரும் காவடிக்காரரின் கருத்த தோலுக்கு ஒளி அளந்து எடுத்தால், அவர் மார்பில் பூசியிருக்கும் திருநீறு விரல் தடம்கூடத் தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். திருநீற்றுக்கு ஒளி அளவை வைத்து எடுத்து, முகத்தைப் பிறகு கணினியில் மெல்லத் தூக்கிக்கொள்வதே முறை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிக்கும் பட்டுச் சேலையின் சரிகைக்கும் இதே விதிதான். படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்க ஓரத்தை முட்டுகிறதா என்பதைச் சடங்கு தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டி, உறவினர்கள் எழுந்து அட்சதை தூவி, எல்லாக் கைகளிலும் கைப்பேசி உயர்ந்துவிட்ட பிறகு திரையைப் பார்க்க நேரம் இருக்காது.

மண்டப விளக்குகளில் வேறொரு தொல்லை இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகள் சிலவும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். பிலிம் காலத்தில் நிறக் கோளாறை லேப் பார்த்துக்கொண்டது. இனி அந்த வேலை உங்களுடையது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், ஓமத் தீயின் மஞ்சளுக்கும் மேடை விளக்கின் நீலத்துக்கும் இடையே ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும். மேடைக்கு ஓர் எண், வாசலுக்கு ஓர் எண் என்று, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அளவில் நிறுத்திக்கொண்டால், ஒரு படத்தில் செய்த திருத்தத்தை நூறு படங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம். ஓர் இரவு முழுவதும் இதில் மிச்சமாகும்.

24 மெகாபிக்சல் ரா கோப்புகள் 2,000 சேர்ந்தால் ஏறத்தாழ 50 ஜி.பி. ஆகும். வீட்டுக்கு வந்ததும், குளிக்கப் போகும் முன்பே இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் படியெடுத்துவிடுங்கள். அவற்றில் ஒன்றை வேறு வீட்டில் வைப்பது நல்லது. ஆல்பத்தை ஒப்படைக்கும் வரை கார்டை அழிக்க வேண்டாம். பினாங்கின் ஈரக்காற்றில் லென்சும் நெகட்டிவும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர் பெட்டி தேவை.

அடுத்து, பகுதி நேரத் தொழில்தானே என்று பலரும் தள்ளிப்போடும் காகித வேலை. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வெளிவேலைக்குத் துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியை முதலில் பெறுவது கட்டாயம். வணிக வருமானம் வந்துவிட்டால் வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பி.இ. பாரம் பொருந்தாது, பி. பாரத்தை நிரப்ப வேண்டும். கேமரா வாங்கிய ரசீது உட்பட எல்லாக் கணக்குகளையும் ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். காப்புரிமையில் கூடுதல் கவனம் தேவை. 1987ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்ச் சேரும். நெகட்டிவ் நம் அலமாரியில் இருந்த காலத்தில் உரிமையும் நம்மிடமே இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டோம். மணமக்களின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்பினால், அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

புதிய கேமராவின் முதல் பயணம் கூலி வாங்கிய திருமணமாக இருக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் ஒரு மாலையும், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் அனுமதி பெற்று ஒரு பூசை நேரமும் எடுத்துப் பழகுங்கள். பிறகு சிறிய பிறந்தநாள் விழாக்களை ஏற்றுக்கொள்ளுங்கள். பிலிம் உடலை விற்றுவிட வேண்டிய அவசியமில்லை. கேட்பவர்களுக்கு ஒரு சுருள் மட்டும் தனிக் கட்டணத்தில் எடுத்துத் தரலாம்.

பிலிம் தெரிந்தவருக்கு இன்னொரு வருமானமும் இருக்கிறது. 1980களிலும் 90களிலும் எடுத்த நெகட்டிவுகள் பல வீடுகளில் பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன. பொருளை அதன் உண்மை அளவிலேயே பதியும் 1:1 மேக்ரோ லென்சும், சீராக ஒளிரும் பலகையும், ஆடாத ஸ்டாண்டும் இருந்தால், உங்கள் டிஜிட்டல் கேமராவே அவற்றைப் படியெடுக்கும் கருவியாகிவிடும். பளபளப்பான பக்கம் கேமராவை நோக்கியிருந்தால் ஓரத்து எண்கள் நேராகத் தெரியும், உருவமும் இடவலம் மாறாமல் வரும். ஸ்கேனரைப் பயன்படுத்துபவர்கள், அகச்சிவப்புத் தூசு நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளை வெள்ளிப் பிலிமுக்கு அணைத்துவிட வேண்டும். அத்தகைய பிலிமைப் படியெடுக்கும் முன் ஊதுபந்தால் தூசைத் தட்டுவதே வழி. ஒட்டிக்கொண்ட நெகட்டிவுகளைப் பிய்க்காதீர்கள். கட்டணத்தைச் சுருள் கணக்கில் சொல்லுங்கள், வார நாள் இரவில் ஒன்றிரண்டு சுருள்களுக்கு மேல் ஏற்காதீர்கள், வேலை முடிந்ததும் நெகட்டிவுகளைப் புதிய உறையிலிட்டு, ஆண்டும் நிகழ்ச்சியும் எழுதி, உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.