பார்வை குறைந்தாலும் கதை படிக்கலாம்

பார்வை மங்கிவிட்டதென்றால் புத்தகமும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், வழி மட்டும்தான் மாறுகிறது. கொஞ்சம் பார்வை இருந்தால் போனில் ஈபப் (எழுத்தின் அளவுக்கேற்ப வரிகள் தானே மடங்கும் மின்னூல் வடிவம்) கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிப் பாருங்கள். பிடிஎஃப் வேண்டாம், பெரிதாக்கினால் பெரும்பாலும் வரிகள் திரைக்கு வெளியே ஓடிவிடும்.

காதால் படிக்க, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்கள் உண்டு: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் இலவசமாகவே கிடைக்கும் என்விடிஏ. இயந்திரக் குரல் முதலில் வறட்சியாகத்தான் இருக்கும், அதற்காக விட்டுவிடாமல் ஒரு சின்ன நாவலில் தொடங்கி வேகத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், போகப் போகக் குரல் மறந்து கதை மட்டும் மனதில் நிற்கும். கவிதைக்கு மட்டும் மனிதக் குரல் தேடுங்கள், பிரெயில் தெரிந்தால் இன்னும் நல்லது, ஒரு வரியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் விரலின் விருப்பம்.

பார்வைக் குறைபாடுள்ளோருக்கான பேசும் புத்தக வடிவமான டெய்சி கிடைத்தால் விடாதீர்கள். அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம், அடையாளம் வைக்கலாம். புக்‌ஷேர் போன்ற இணைய நூலகங்களில் குறைபாட்டுக்கான சான்று கொடுத்து உறுப்பினராகலாம். பார்வைக் குறைபாடுள்ளோருக்குப் புத்தகங்கள் எளிதில் கிடைப்பதற்கான 2013 மராக்கேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இத்தகைய பிரதிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

அப்புறம், படுக்கையில் கேட்பவர்கள், குறித்த நேரத்தில் வாசிப்பைத் தானே நிறுத்தும் ஸ்லீப் டைமர் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காத புத்தகத்தைத் தயங்காமல் பாதியில் மூடுங்கள்.